நலங்கு வைத்த மூக்கு

காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேச எனக்கு ஒரு தனித் தகுதி உண்டு. என் மூக்கே கோணல். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் நடுச்சுவர், பூந்தமல்லி பேருந்து நிலையத்திலிருந்து வெளியே வரும் பேருந்து மாதிரி, சட்டென்று இடப்பக்கம் ஒடித்துத் திரும்பும். பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ பேரின் நடுச்சுவரை நிமிர்த்தி அனுப்பியிருக்கிறேன். என்னுடையதை மட்டும் யாரையும் தொட விடவில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே" என்பேன். "பயம்னு சொல்லுங்க டாக்டர்" என்பார், கடைசிவரை என்னோடு வேலை பார்த்த குணசுந்தரி சிஸ்டர். இரண்டுமே உண்மைதான்.

இருந்தாலும் முதல் காரணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு வீட்டின் நடுவே சுவர் எழுப்பி இரண்டு குடித்தனத்துக்கு விட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மூக்கும் அப்படித்தான். சுவரின் முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் எலும்பு. கொத்தனார் நூல் பிடித்துக் கட்டியதுபோல நேராக நிற்கும் சுவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். குடியிருப்பவருக்கு இடைஞ்சல் இல்லையென்றால் சுவர் பாட்டுக்குக் கோணலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இடைஞ்சல் இருந்தால், அது சுவரால் வந்ததா, அறைக்குள் அடைத்து வைத்திருக்கும் சாமான்களால் வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வாமையில் வீங்கிய சதையை மருந்து அடக்கிவிடும். மருந்துக்கும் மசியாமல் சுவர்தான் மூச்சை மறிக்கிறது என்று உறுதியானால் கத்தியை எடுக்கலாம்.

இதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது பாடத்தில் இல்லாத ஒரு மாப்பிள்ளையைப் பற்றி.

மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதிக்கு மறித்துத் தகரம் அடித்திருந்த சமயம். புழுதியின் புண்ணியத்தில் எங்கள் சிறிய மருத்துவமனையில் மாலை நேரக் கூட்டம் பந்திக்குக் காத்திருப்பது போல இருக்கும். அப்படியொரு திங்கட்கிழமை சாயங்காலம் இரண்டு பையன்கள் உள்ளே வந்தார்கள். ஒருவனுக்கு முகம், கழுத்து, காது மடல் எல்லாம் மஞ்சள்.

அவனை எனக்குத் தெரியும். பெயர் லோகேஷ். நசரத்பேட்டைக்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகக் கம்பெனியொன்றில் தரம் பார்க்கிற வேலை. சில மாதங்களுக்கு முன் தும்மலும் இடது மூக்கில் அடைப்புமாக வந்திருந்தான். வேறெங்கோ எடுத்த ஸ்கேனில் நடுச்சுவர் இடப்பக்கம் வளைந்திருப்பதாகப் போட்டிருந்தார்கள். நான் ஒவ்வாமைக்கு ஸ்ப்ரே கொடுத்தேன். தும்மல் நின்றது, அடைப்பும் விட்டது, ஆளும் வருவதை நிறுத்தினான். நம் தொழிலில் அதுதான் நன்றி சொல்லும் முறை.

"என்னப்பா, முகமெல்லாம் மஞ்சள்?"

"நலங்கு சார். நாளன்னிக்குக் காலைல கல்யாணம்."

"நலங்கு வெச்ச மாப்பிள்ளை வாசப்படி தாண்டக் கூடாதே. வீட்டுல எப்படி விட்டாங்க?"

பதில் பக்கத்திலிருந்தவனிடமிருந்து வந்தது. "கோட்டு லூசா கீது, டைலராண்ட போறோம்னு சொல்லிக்கினு வந்தோம் சார். நான் தினா. வேப்பம்பட்டு. கல்யாணப் பொண்ணுக்குத் தம்பி." மூச்சு விடாமல் தொடர்ந்தான். "அதே பழைய வளைவுதான் சார். மூக்கு அடச்சிகினு கீது. ஸ்கேன் போன்லயே கீது, பாருங்க. கல்யாணம் முடியறவரைக்கும் தாங்கற மாதிரி எதுனா சொட்டு மருந்து குடுத்தீங்கன்னா போதும்."

லோகேஷ் தலையை மட்டும் ஆட்டினான்.

ஸ்கேனைப் பார்த்தேன், அதே வளைவு. விளக்கடித்து எட்டிப் பார்த்தேன், இடப்பக்கம் புடைப்பு. வெளியே கூட்டம் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தது. நோயாளியே நோயின் பெயரையும் சொல்லி மருந்தையும் சொல்லிவிட்டால் டாக்டருக்கு மிச்சம் கையெழுத்துதான். என் பேனா சொட்டு மருந்தின் பெயரில் பாதி தூரம் போய்விட்டது. எழுதிக்கொண்டே, சும்மா வாய் வார்த்தையாகக் கேட்டேன்.

"எந்தப் பக்கம் அடைப்பு?"

"ரெண்டு பக்கமும் சார்."

பேனா நின்றது. சுவர் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு அறை குறுகும், அடுத்த அறை அகலமாகும். இவனுக்கு வலது மூக்கில் காற்று எப்போதும் மைதானத்தில் அடிப்பது போல அடிக்கும், அது என் ஞாபகத்தில் இருந்தது. சில சுவர்கள் நெளிந்து நெளிந்து போய் இரண்டு பக்கமும் மறிக்கும், தெரியும். ஆனால் எந்தச் சுவரும் ஒரே நாளில் நெளியாது.

"எப்பலேர்ந்து?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன். என் வீட்டில் இனிப்பு டப்பாவைத் திறந்துவிட்டு நானும் என் பேரனும் அப்படித்தான் பார்த்துக்கொள்வோம்.

பஞ்சு சுற்றிய குச்சியை எடுத்து வலப்பக்கம் விட்டேன். அங்கேயும் ஒரு புடைப்பு. மெல்ல அழுத்தினேன். வளைந்த சுவர் என்றால் கட்டையாக இருக்கும், அழுந்தாது. இது பழுத்த சப்போட்டா மாதிரி உள்ளே போனது. லோகேஷ் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டான்.

"டேய் மச்சான்!"

வலியில் ஆட்கள் அம்மாவைக் கூப்பிடுவார்கள், சாமியைக் கூப்பிடுவார்கள், கொஞ்சம் பழகியவர்கள் என்னைத் திட்டுவார்கள். மச்சானைத் திட்டிய முதல் ஆள் இவன்தான்.

"எங்க அடி பட்டுச்சு?"

"அடியா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றான் தினா, அடிபட்டவனை முந்திக்கொண்டு.

நான் சிஸ்டரைப் பார்த்தேன். சிஸ்டர் ஈரப் பஞ்சை எடுத்து, மாப்பிள்ளையின் மூக்குத் தண்டில் பூசியிருந்த மஞ்சளைத் துடைத்தார். அடியில் நல்ல ஊதா நிறத்தில் கன்றிப் போயிருந்தது.

"ரெண்டு கோட்டிங் அடிச்சிருக்காங்க டாக்டர்" என்றார்.

அதற்குமேல் தினாவால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நலங்கு முடிந்ததும், "மாமா, பேச்சலரா கடைசியா ஒரு மேட்ச்" என்று பின்வாசல் வழியாக மாப்பிள்ளையைக் கிளப்பிக்கொண்டு போனது அவன்தான். "மேல போன பந்த 'எனக்கு, எனக்கு'ன்னு கத்திகினே ஓடனேன் சார். மாமாவும் அதையே கத்திகினு எதிர்ல வந்துகினு இருந்தாரு. என் மண்டை, அவரு மூக்கு."

வீட்டில் கேட்டவர்களிடம் வளைவு அடைத்துக்கொண்டது என்று சொல்லி, ஊதா தெரியாமல் மேலும் மேலும் மஞ்சளைப் பூசிக்கொண்டிருந்திருக்கிறான் மாப்பிள்ளை. நலங்கில் பூசியதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். நடுச்சுவரின் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் சவ்விடமிருந்துதான் வாங்கிக் குடிக்கிறது. அடிபட்டு இரண்டுக்கும் நடுவே ரத்தம் தேங்கிவிட்டால் குருத்தெலும்பு பட்டினி. சில நாளில் செத்துவிடும், சீழ் பிடிக்கும், தாங்க ஆள் இல்லாமல் மூக்குத் தண்டு உள்வாங்கும். நான் சொட்டு மருந்து எழுதியிருந்தால் கல்யாணம் ஜோராக நடந்திருக்கும். கல்யாண ஆல்பம் கைக்கு வரும்போது படத்தில் இருக்கிற மூக்கு முகத்தில் இருந்திருக்காது. இதை அவர்களிடமும் சொன்னேன், இன்றைக்கே ரத்தத்தை வடிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

தினா தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "எங்க அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?"

"நீ ஒண்ணும் சொல்லாத" என்றான் லோகேஷ். பிறகு என்னிடம், "சார், நீங்க இன்னா வேணா பண்ணுங்க. ஊட்ல மட்டும் தெரியக் கூடாது. நலங்கு வெச்சப்புறம் வெளிய போனதுக்கே எங்கம்மா ஆடித் தீத்துடுவாங்க. அதுலயும் பொண்ணு ஊட்டு ஆளே இடிச்சான்னா அபசகுனம், அது இதுன்னு ஆரம்பிச்சு ரெண்டு ஊட்டுக்கும் தகராறாயிடும். கடைசியில எல்லாம் இவன் தலையிலதான் வந்து நிக்கும். பாவம் சார்."

"ஏற்கனவே அவன் தலையிலதானே வந்து நின்னுச்சு" என்றார் சிஸ்டர்.

எனக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. மூக்கு போகிற நிலையில் மச்சானைக் காப்பாற்றுகிற மாப்பிள்ளையை வேப்பம்பட்டுக்காரர்கள் வேறு எங்கே தேடுவார்கள்? ஆனால் சிக்கல் இப்போது என் பக்கம் வந்தது. ரத்தத்தை வடிப்பது பெரிய காரியமில்லை. வடித்த இடத்தில் மறுபடி ரத்தம் தேங்காமல் அழுத்திப் பிடிப்பதுதான் காரியம். இரண்டு மூக்கிலும் துணி திணித்து அனுப்பினால் நான் நிம்மதியாகத் தூங்கலாம். அடுத்த நாள் மாலை வரவேற்பில் மாப்பிள்ளை வாயைப் பிளந்தபடி நிற்பான், மூக்கில் துணி தொங்கும், மேடையேறும் அத்தனை பேரும் காரணம் கேட்பார்கள். எனவே சவ்வையும் சுவரையும் சேர்த்துத் தையல் போட்டு, இரண்டு பக்கமும் வெளியே தெரியாத மெல்லிய சிலிகான் தகடு வைப்பதென்று முடிவெடுத்தேன். அதற்கு ஒரு நிபந்தனையும் போட்டேன். நாளை நான் பார்த்தாக வேண்டும். ரத்தம் தேங்கியிருந்தால் மேடையென்றும் பார்க்க மாட்டேன், துணிதான்.

"சரி சார். அப்படியே அந்த வளைவையும் நிமித்திடுங்களேன். ஒரே வேலையா முடிஞ்சிடும்."

"தீப்பிடிச்ச வீட்டுல யாராவது சுவருக்கு வெள்ளையடிப்பாங்களா? அந்த வளைவு உன்னை ஒண்ணும் பண்ணலப்பா. உன்னைப் படுத்தினது தும்மல். அது ஸ்ப்ரேல போயிடுச்சு."

இந்த ஆசை உங்களுக்கும் வரும், நோயாளியே கேட்கும்போது இன்னும் வரும். கையில் கத்தி இருக்கிறது, ஆள் படுத்திருக்கிறான், வளைவும் கண்ணெதிரே தெரிகிறது. அடிபட்டு வீங்கிக் கிடக்கும் சுவரைக் கூடுதலாகக் கிளறினால் உள்ளதும் போகும். அன்றைய வேலையை மட்டும் முடித்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

முடித்தேன். வெளியே வந்து விதிமுறைகளை ஒப்பித்தேன். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலையைக் குனியக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு இருவர் முகமும் மாறியது.

"சார், கால்ல வுழணுமே!" என்றான் தினா.

எந்தப் புத்தகத்திலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. "எத்தனை பேர் கால்ல?"

"ரெண்டு ஊரு சார்."

"நான் பாத்துக்கறேன் சார், வுடுங்க" என்று தினாவே பொறுப்பேற்றுக்கொண்டான். அவன் பொறுப்பேற்ற கேட்ச் எப்படி முடிந்தது என்பதை நான் அந்த நேரத்தில் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் மாப்பிள்ளையால் வெளியே வர முடியாது என்பதால் நாங்களே மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு. மாலை சிஸ்டர் பட்டுப் புடவையில் வந்தார். விளக்கையும் கருவிகளையும் பரிசுப் பெட்டிக்குள் வைத்து மினுமினுப்புக் காகிதம் சுற்றி எடுத்துக்கொண்டோம். மண்டபத்து வாசலில் தினா என்னை மாப்பிள்ளையின் மேனேஜர் என்று அறிமுகப்படுத்தினான். பன்னீர் தெளிப்பதற்குள் இரண்டு பேர் தங்கள் மகனுக்கு வேலை கேட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, லோகேஷை நாற்காலியில் சாய்த்து, மூக்கில் விளக்கடித்தேன். குச்சியை இன்னும் உள்ளே விடவில்லை. கதவு தடாலென்று திறந்தது. பெண்ணின் பெரியப்பா முன்னால் நின்றார். பின்னால் முழு அலங்காரத்தில் கல்யாணப் பெண் ஹேமா. அவளுக்கும் பின்னால், கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு தினா.

அவன் பார்த்துக்கொண்ட லட்சணம் அப்போதுதான் தெரிந்தது. மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, அதனால் குனிய முடியாது என்று காலையில் ஓர் அத்தையிடம் சொல்லியிருக்கிறான். ஓர் அத்தையிடம் மட்டும்தான் சொன்னானாம்.

"மாப்ள, நேராவே கேட்டுடறேன்" என்றார் பெரியப்பா. "இடுப்புன்றாங்க. ஒருத்தன் தண்டுவடத்துல ஆபரேசன்றான். இன்னொருத்தன் இடது காலே வெளங்கலன்றான். மேளக்காரன் வரைக்கும் என்னாண்ட வெசாரிக்கறான். பொண்ணு குடுக்கறவங்க நாங்க. எங்களுக்குத் தெரியாம இன்னா நடக்குது இங்க? இவுரு யாரு? மேனேஜரா? மேனேஜரு எதுக்கு மூக்குல டார்ச் அடிக்கிறாரு?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

அந்த அறையில் விடியற்காலைக் கல்யாணம் ஓர் ஊசி முனையில் நின்றது. சொன்னால் நோயாளியின் ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தவனாவேன். மழுப்பினால், மறைக்கிற அளவுக்குப் பெரிய வியாதி என்று முடிவே கட்டிவிடுவார்கள். இன்னொரு பொய்யைச் சேர்க்கலாம் என்றால், அதற்குத் தினாவே போதும்.

"நான் மேனேஜர் இல்லைங்க, டாக்டர்" என்றேன். "என்ன விஷயம்னு நான் சொல்லக் கூடாது. சொன்னா இவர்தான் சொல்லணும்." பிறகு லோகேஷிடம் குனிந்து, "தம்பி, நீ ஒளிச்சு வெச்சிருக்கிறது சின்ன விஷயம். அவங்க பயந்துகிட்டு நிக்கிறது பெரிய விஷயம். யோசிச்சுக்க" என்றேன்.

ஹேமா முன்னால் வந்தாள். "லோகேஷ், நான் கேக்கறேன். இன்னா ஆச்சு?"

லோகேஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஒண்ணுமில்ல ஹேமா. பாத்ரூம்ல வழுக்கி..."

"இல்லக்கா." கதவோரத்திலிருந்து குரல் உடைந்து வந்தது. "நான்தான்க்கா. நலங்கு அன்னிக்கு நான்தான் மாமாவ மேட்சுக்கு இட்டுகினு போனேன். கேட்ச் புடிக்கறப்போ என் மண்டை அவரு மூக்குல இடிச்சிடுச்சு. நேத்து ஆபரேசன். மாமா என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு..."

 வெளியே மெல்லிசைக் குழு மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மூக்கா?" என்றாள் ஹேமா.

"ஆமாக்கா."

"அப்ப இடுப்பு?"

"இடுப்பு சும்மா கல்லு மாதிரி கீதுக்கா."

பெரியப்பா பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வயிறு குலுங்க ஆரம்பித்தது. முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். "அட, மூக்குதானா! மூக்குக்காடா இம்மாம் பில்டப்பு? மத்தியானம் நான் சோறே துன்னலடா!"

ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் அபசகுனம். ஒரு பகல் முழுக்கத் தண்டுவடம், கால் என்று பயந்து செத்தவர்களுக்கு அதே மூக்கு நல்ல செய்தியாகிவிட்டது. ஹேமா மட்டும் சிரிக்கவில்லை. தம்பியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"கேட்சயாவது புடிச்சீங்களா?"

"இல்லக்கா."

"ரெண்டு பேரும் நல்லா வருவீங்க." பிறகு என்னிடம் திரும்பினாள். இப்போது குரலில் கிண்டல் இல்லை. "சார், இவர் மூக்கு நிக்குமா? உள்ளத சொல்லுங்க."

"பார்க்க விட்டீங்கன்னா சொல்றேன்மா."

மணப்பெண் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, பெண் வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்க்க, நான் ஒரு மூக்கைச் சோதித்தது அந்த ஒரு முறைதான். குச்சியை விட்டேன். தகட்டைத் தாண்டி மெல்ல அழுத்தினேன். கட்டையாக இருந்தது. மறுபக்கமும் கட்டை. எங்கேயும் அமுங்கவில்லை.

"இதுவரைக்கும் நல்லா இருக்கு" என்றேன். முழு வாக்குறுதி கொடுக்கிற தைரியம் எனக்கு எப்போதுமே கிடையாது. "தகடு எடுக்கற அன்னிக்குத்தான் மீதியைச் சொல்ல முடியும்."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. காலையில் ஓமப் புகை அவன் பக்கம் வராமல் மின்விசிறியை எங்கே வைப்பது என்று தினாவுக்கு உத்தரவு போட ஆரம்பித்தாள். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக மெல்லிசை மேடைக்குப் போய் மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. மாப்ளைக்கு மூக்குலதான் அடி. இடுப்புல ஒண்ணும் இல்ல. டாக்டர் குனியக் கூடாதுன்னுட்டாரு. அதனால யாரு கால்லயும் வுழ மாட்டாரு. ஆசீர்வாதம் பண்றவங்க நின்னுகினே பண்ணிட்டு பந்திக்குப் போங்க."

கைதட்டல் எழுந்தது. லோகேஷின் அம்மா மட்டும் கைதட்டவில்லை. மகனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையை மேளச் சத்தம் மூடியது.

சில நாள் கழித்துத் தகடு எடுக்க வந்தார்கள். புது மஞ்சள் கயிறோடு ஹேமா, பக்கத்தில் லோகேஷ், இரண்டடி தள்ளி தினா. தகட்டைத் தொடும் முன் சுத்தமாக இருந்த விளக்கையே இரண்டு முறை துடைத்தேன். சிஸ்டர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார், அவருக்கும் அதே கவலை இருந்திருக்க வேண்டும். குருத்தெலும்பு பிழைத்ததா செத்ததா என்று இனித்தான் தெரியப் போகிறது.

இரண்டு தகட்டையும் உருவினேன். விளக்கடித்தேன். சவ்வு ரோஜா நிறத்தில் சுவரோடு ஒட்டியிருந்தது. சீழ் இல்லை. அழுத்தினால் உறுதியாக நின்றது. வெளியே மூக்குத் தண்டைத் தடவினேன், பள்ளம் இல்லை. பழைய வளைவு இருந்த இடத்தில் அப்படியே, இடைஞ்சல் செய்யாமல் இருந்தது. அதற்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"நின்னுடுச்சு" என்றேன்.

ஹேமா பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். தினா சுவரில் சாய்ந்து கண்களைத் துடைத்துக்கொண்டான்.

"வாயை மூடிக்க. மூக்கால நல்லா ஒரு மூச்சு இழு" என்றேன்.

லோகேஷ் கண்ணை மூடினான். நீளமாக இழுத்தான். அடிபட்ட நாளிலிருந்து அந்த மூக்கு வழியாகப் போன முதல் முழு மூச்சு. நெஞ்சு விரிந்து நின்றது. அறையில் எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாமா," என்றான் தினா மெதுவாக, "எதுனா தெரிதா?"

லோகேஷ் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"தெரிது மச்சான். நீ இன்னும் குளிக்கல."